அடுப்பை அணைத்தாலும் பால் பொங்கும்: டொராண்டோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

விசா, வேலை, வாடகை வீடு மாதிரியான பெரிய விஷயங்களுக்கு எல்லோரும் மனதைத் தயார் செய்துகொண்டுதான் விமானம் ஏறுகிறார்கள். முதல் ஆறு மாதம் ஆளை அரிப்பவை வேறு. வங்கியில் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். தாளிக்கும்போது அலாரம் அலறும். 10 டாலர் என்று ஒட்டியிருந்த சாமானுக்கு கவுன்டரில் 11.30 கேட்பார்கள். தனித்தனியாக எதுவும் பெரிதில்லை. ஒரே நாளில் மூன்று சேர்ந்தால் இரவுச் சாப்பாடு இறங்காது.

இவற்றில் முக்கால்வாசிக்கு ஓர் எளிய காரணம் இருக்கிறது. பல வருடமாக இங்கே இருப்பவர்களுக்கு அது பழகி மறந்தே போயிருக்கும், அதனால் யாரும் சொல்வதில்லை. ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கம் அபார்ட்மென்டிலோ பேஸ்மென்டிலோ குடியேறுபவர்களை மனதில் வைத்து எழுதியது இது. கட்டணங்கள் மாறக்கூடியவை, போகுமுன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயர்

இங்கே எந்தப் படிவத்தை எடுத்தாலும் இரண்டு கட்டம் இருக்கும்: முதல் பெயர், குடும்பப் பெயர். நம்மில் பலருக்கு இனிஷியல்தான் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. ஒருவர் பெயர் முருகன், அப்பா பெயர் சுப்பையா என்று வைத்துக்கொள்வோம். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் சுப்பையா இருந்தால் வங்கி, பல் டாக்டர், பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லாமே அவரை 'மிஸ்டர் சுப்பையா' என்றுதான் கூப்பிடும். விளக்கிப் பயனில்லை. காதுக்கு உறுத்தும், ஆவணத்தில் சிக்கல் வராது. விட்டுவிடுங்கள்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருப்பவர்களுக்குத்தான் உண்மையான தலைவலி. கனடா குடிவரவுத் துறையின் முறைப்படி முழுப் பெயரும் குடும்பப் பெயர் கட்டத்துக்குப் போய்விடும், முதல் பெயர் கட்டம் காலியாக நிற்கும். பி.ஆர். அட்டையும் (நிரந்தர வசிப்பு அட்டை) அப்படியே வரும். ஆனால் வங்கியின் கணினியோ போன் கம்பெனியின் கணினியோ காலிக் கட்டத்தை ஏற்காது. ஒருவர் அங்கே ஒரு கோடு போடுவார். இன்னொருவர் அதே பெயரை இரண்டு முறை அடிப்பார். மூன்றாமவர் தன் இஷ்டத்துக்கு நடுவில் வெட்டுவார். கடன் வரலாற்றை வைத்திருக்கும் ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் நிறுவனங்களின் பதிவில் நீங்கள் இரண்டு மூன்று ஆட்களாகச் சிதறிப்போகலாம். ஒரு வருடம் ஒழுங்காகக் கட்டிய கார்டு உங்கள் கணக்கில் காணாமல் போவது இப்படித்தான்.

செய்ய வேண்டியது:

1. குடிவரவு ஆவணத்தில் இருக்கிற பெயரை எழுத்துக்கு எழுத்து, இடைவெளிக்கு இடைவெளி ஒரு தாளில் எழுதிப் படம் எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். சின் எண் (வேலைக்கும் வரிக்குமான சமூகக் காப்பீட்டு எண்), வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், ஓஹிப் அட்டை (ஒன்டாரியோ அரசு மருத்துவக் காப்பீடு), ஜி1 லைசென்ஸ் (கார் ஓட்டப் பழகுபவருக்கான முதல் லைசென்ஸ்), போன் இணைப்பு எல்லாவற்றுக்கும் அதே வடிவம்தான்.

2. காலிக் கட்டத்தில் ஏதாவது போட்டே ஆக வேண்டும் என்றால், முதல் இடத்தில் என்ன போட்டார்களோ அதையே எல்லா இடத்திலும் போடச் சொல்லுங்கள்.

3. கவுன்டரில் இருப்பவர் சேமிக்கும் முன், திரையில் அடித்ததை எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அப்போது திருத்த அரை நிமிடம் போதும். பிறகு திருத்த வேண்டுமானால் அரை நாள் லீவு போட்டு மறுபடி வரிசையில் நிற்க வேண்டும்.

4. போனில் சொல்லும்போது வெறும் எழுத்தைச் சொல்லாதீர்கள். 'பி', 'டி', 'வி' மூன்றும் போனில் ஒரே மாதிரிதான் கேட்கும். 'பி ஃபார் பாப், வி ஃபார் விக்டர்' என்று சொல்லிப் பழகுங்கள். கடைசி எழுத்துக்கு இங்கே 'செட்' என்பார்கள்.

நிரந்தரமாகச் சரிசெய்ய வேண்டுமானால், ஒன்டாரியோவில் 12 மாதம் வசித்த பிறகு பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்கலாம், கட்டணம் 137 டாலர். அவசரப்படாதீர்கள் என்பதே எங்கள் எண்ணம். இங்கே பெயரை மாற்றிவிட்டு பாஸ்போர்ட்டைப் பழைய பெயரில் விட்டால், விமான நிலையத்தில் இரண்டு ஆளாக நிற்க வேண்டியிருக்கும். இந்திய பாஸ்போர்ட் என்றால், அடுத்து புதுப்பிக்கும்போது பெயரைப் பிரித்துத் தரக் கேட்கலாம். அதை முதலில் முடித்துவிட்டு மற்றவற்றைத் தொடுவது நல்லது.

குடும்பமாக வந்தவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். கணவருக்கு அவர் அப்பா பெயர், மனைவிக்குக் கணவர் பெயர், குழந்தைக்கும் அப்பா பெயர் என்று அப்பாவின் குடும்பப் பெயரும் பிள்ளையின் குடும்பப் பெயரும் வேறு வேறாக இருக்கும். பள்ளியிலும் எல்லையிலும் 'இது உங்கள் பிள்ளையா' என்று கேட்பது இதனால்தான். சந்தேகப்பட்டுக் கேட்பதில்லை, அது அவர்கள் கேட்டாக வேண்டிய கேள்வி. பெற்றோர் பெயர் உள்ள பிறப்புச் சான்றிதழின் நகலை எப்போதும் கையில் வைத்திருங்கள்.

முகவரியும் போனும்

தபால் குறியீடு எழுத்து, எண், எழுத்து, எண் என்று மாறி மாறி ஆறு இடம் வரும். டொராண்டோ என்றால் முதல் எழுத்து 'எம்'. 'ஓ' என்ற ஆங்கில எழுத்து கனடாத் தபால் குறியீட்டில் கிடையவே கிடையாது, வட்டமாக இருந்தால் அது பூஜ்யம்தான். ஆன்லைன் படிவம் முகவரியை மறுத்துக்கொண்டே இருந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. அபார்ட்மென்டில் இருப்பவர்கள் யூனிட் எண்ணை முன்னால் போட்டு, ஒரு சிறு கோடு இழுத்து, பிறகு கட்டட எண்ணை எழுத வேண்டும். யூனிட் எண் இல்லாத தபால் வந்த வழியே திரும்பிப் போகும். பேஸ்மென்டில் இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் குடும்பத்தில் எல்லோருடைய பெயரையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். தெரியாத பெயரில் வந்த பி.ஆர். அட்டையை 'இங்கே இவர் இல்லை' என்று அவர் நல்லெண்ணத்தோடு திருப்பி அனுப்பிவிடலாம்.

போன் எண்ணை முதல் வருடம் மாற்றாதீர்கள். மலிவான பிளானுக்கு ஆசைப்பட்டு மாறினாலும் பழைய எண்ணையே எடுத்துக்கொண்டு போங்கள். வங்கி, வரி, வேலை எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் ஓடிபி அனுப்பும். ஊரில் உள்ள வங்கிக்கும் இதே கதைதான். அந்த சிம்மைக் குறைந்தபட்ச ரீசார்ஜில் உயிரோடு வைத்திருங்கள். செத்த பிறகு அதை எழுப்ப ஊருக்கே போக வேண்டிவரும்.

அரசு அலுவலகத்துக்குப் போன் செய்தால் அரை மணி நேரம் இசை கேட்க வேண்டியிருக்கும். காலையில் திறந்த உடனேயே கூப்பிடுங்கள், திங்கள்கிழமையைத் தவிருங்கள். நகர சேவைக்கு 311, சமூக உதவிக்கு 211, உடல்நல ஆலோசனைக்கு 811. மூன்றிலும் மொழிபெயர்ப்பாளர் உண்டு. ஆங்கிலத்தில் தடுமாறி விளக்க வேண்டாம். எடுத்தவுடன் 'டமில், ப்ளீஸ்' என்று மட்டும் சொல்லிவிட்டு லைனில் காத்திருங்கள். அவசரத்துக்கான 911-க்கும் இது பொருந்தும்.

வருமான வரித்துறையிலிருந்து பேசுகிறோம், உடனே பணம் கட்டாவிட்டால் கைது என்று யாராவது கூப்பிட்டால் போனை வைத்துவிடுங்கள். அந்தத் துறை கிஃப்ட் கார்டில் பணம் கேட்காது. சின் எண்ணை வேலை தருபவர், வட்டி தரும் வங்கிக் கணக்கு, வரி ஆகியவற்றுக்குக் கொடுத்தே ஆக வேண்டும். வீட்டுக்காரருக்குக் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

கடையில்

விலைச்சீட்டில் வரி சேர்ந்திருக்காது. ஒன்டாரியோவில் எச்எஸ்டி 13 சதவீதம், கவுன்டரில்தான் ஏறும். அரிசி, பருப்பு, பால், காய்கறிக்கு வரி இல்லை. சிப்ஸ், குளிர்பானம், சூடாக விற்கும் சாப்பாட்டுக்கு உண்டு. டோனட்டை ஐந்தாக வாங்கினால் வரி, ஆறாக வாங்கினால் இல்லை. விதி அப்படித்தான் எழுதியிருக்கிறது.

ஒரு சென்ட் நாணயம் 2013-இல் புழக்கத்திலிருந்து போய்விட்டது. ரொக்கமாகக் கொடுத்தால் மொத்தத் தொகை பக்கத்து ஐந்து சென்டுக்குப் போகும், கார்டில் கட்டினால் உள்ளபடியே எடுக்கும். மீதி இரண்டு சென்ட் எங்கே என்று சண்டை போட வேண்டாம். கார்டு மெஷின் டிப்ஸ் கேட்டால், உட்கார்ந்து சாப்பிட்ட இடத்தில் 15 சதவீதம் சாதாரணம். பார்சல் வாங்கினால் கூச்சப்படாமல் 'நோ டிப்' அழுத்தலாம், யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள்.

சாப்பாட்டுப் பொட்டலத்தில் தேதி ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் பொதுவான இரண்டெழுத்தில் இருக்கும். 'எம்ஆர்' என்றால் மார்ச், 'எம்ஏ' என்றால் மே, 'ஏஎல்' ஏப்ரல், 'ஜேஎன்' ஜூன், 'ஜேஎல்' ஜூலை. 'எம்ஏ'வை மார்ச் என்று நினைத்து நல்ல தயிரைக் கொட்டாதீர்கள்.

நாலு லிட்டர் பால் இங்கே ஒரு பெரிய பையில் வரும். உள்ளே 1.33 லிட்டர் வீதம் மூன்று சின்னப் பைகள் இருக்கும். அதற்கென்றே விற்கும் பிளாஸ்டிக் ஜக்கையும் சேர்த்து வாங்குங்கள். பையை ஜக்கில் இறக்கி, அடிவரை தட்டி உட்காரவைத்து, ஒரு மூலையை மட்டும் விரல்நுனி அளவு வெட்டினால் போதும். ஜக் இல்லாமல் வெட்டினால் பாதிப் பால் மேடையில்தான்.

பஸ்ஸும் சப்வேயும் பிரஸ்டோ என்ற பயண அட்டையில் 3.30 டாலர், இரண்டு மணி நேரத்துக்குள் எத்தனை முறை மாறினாலும் அதே கட்டணம். 12 வயது வரை பிள்ளைகளுக்கு இலவசம். 2024 பிப்ரவரியிலிருந்து மார்க்கம் பஸ்ஸிலிருந்து டொராண்டோ பஸ்ஸுக்கு மாறினாலும் இரண்டாவது கட்டணம் கிடையாது. ஒரு நிபந்தனை, முதலில் எதைத் தட்டினீர்களோ அதையேதான் பிறகும் தட்ட வேண்டும். ஒரே வங்கிக் கார்டாக இருந்தாலும் பிளாஸ்டிக் கார்டும் போனுக்குள் இருக்கும் கார்டும் மெஷினுக்கு இரண்டு வேறு கார்டுகள். காலையில் கார்டு, மாறும்போது போன் என்று தட்டினால் இரண்டு முறை பணம் போகும்.

அடுப்பு

ஊரில் கேஸ் அடுப்பில் பால் பொங்கி வரும்போது குமிழைத் திருகினால் அந்த நொடியே அடங்கும். இங்கே வாடகை வீடுகளில் பெரும்பாலும் மின்சாரக் காயில் (சுருள் கம்பி) அடுப்பு, அல்லது கண்ணாடி மேல்தளம் போட்ட அடுப்பு. அணைத்த பிறகும் காயில் பல நிமிடம் கொதித்துக்கொண்டேதான் இருக்கும். குமிழை அணைத்துவிட்டு நிம்மதியாகத் திரும்பினால், பின்னால் பால் வழிந்து காயிலுக்கு அடியில் போய்க் கருகும். அந்த வாடை இரண்டு நாள் வீட்டைவிட்டுப் போகாது.

பழக வேண்டியது கைதான். நாலு அடுப்பில் பின்பக்கம் ஒன்றை எப்போதும் குளிராகவே வைத்திருங்கள். பால் பொங்கினால் முதலில் பாத்திரத்தைத் தூக்கிக் குளிர்ந்த அடுப்புக்கு மாற்றுங்கள், அதன் பிறகு குமிழ். குக்கருக்கும் இதே கணக்கு. மூன்று விசில் வேண்டும் என்றால் இரண்டாவது விசிலில் அணைத்துவிடுங்கள், மூன்றாவது தானாகவே வரும். ஐந்தாவதும் வரும் போலிருந்தால் குக்கரை நகர்த்துங்கள். அடி உருண்ட வாணலி இந்த அடுப்பில் உட்காராது, சூடும் ஏறாது. தட்டை அடி உள்ளதாக ஒன்று வாங்கிவிடுங்கள். கண்ணாடி மேல்தளத்தில் இரும்புத் தோசைக்கல்லை இழுத்தால் கீறல் விழும், வீடு காலி செய்யும்போது பேச்சு வரும். தூக்கித்தான் வைக்க வேண்டும்.

அடுத்தது அலாரம். கடுகு வெடிக்கக் காத்திருக்கும்போது காயில் மெதுவாகச் சூடாகிறதே என்று குமிழை உச்சத்துக்குத் திருப்புவதுதான் தப்பு. காயில் ஒருமுறை சிவந்துவிட்டால் எண்ணெய் ஒரே மூச்சில் புகைய ஆரம்பிக்கும். குமிழை நடுவில் வைத்து, எண்ணெய் காய இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாகக் கொடுங்கள். அடுப்புக்கு மேலே உள்ள ஃபேனை ஐந்து நிமிடம் முன்பே போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். சில அபார்ட்மென்ட்களில் அந்த ஃபேன் புகையை வெளியே தள்ளாது, ஒரு வடிகட்டி வழியாகத் திரும்ப அறைக்குள்ளேயே விடும். பேப்பர் ஒன்றை அடியில் பிடித்துப் பாருங்கள். அது மேலே ஒட்டிக்கொண்டும் உங்கள் முகத்தில் காற்றடித்தால் இந்த ரகம்தான். ஜன்னல்தான் கதி.

அலாரம் அடித்துவிட்டால் அதில் உள்ள பட்டனை அழுத்தலாம், துண்டை வீசலாம். வராந்தாவுக்குப் போகும் முன்கதவை மட்டும் திறக்காதீர்கள். வீட்டுக்குள் இருப்பது உங்கள் அலாரம், வராந்தாவில் இருப்பது கட்டடத்தின் அலாரம். புகை அங்கே போனால் மொத்தக் கட்டடமும் கீழே இறங்கும், தீயணைப்பு வண்டி வரும். அலாரத்தைக் கவரால் மூடுவது, பேட்டரியைக் கழற்றுவது இரண்டும் சட்டப்படி குற்றம். உயிருக்கும் ஆபத்து.

மாவு புளிக்கவில்லை என்பது குளிர்காலப் புலம்பல். சென்னையில் எட்டு மணி நேரத்தில் பொங்கும் மாவு இங்கே ஜனவரியில் 12 முதல் 16 மணி நேரம் எடுக்கும். அடுப்புக்குக் கீழே உள்ள ஓவனைச் சூடாக்க வேண்டாம், உள்ளே இருக்கும் விளக்கை மட்டும் போட்டு மாவுப் பாத்திரத்தை வைத்து மூடுங்கள். பழைய மாதிரி பல்பின் சூடே போதும். எல்ஈடி விளக்கு என்றால் சூடு வராது, வெந்நீர்க் கிண்ணம் ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். பாத்திரத்துக்கு அடியில் ஒரு தட்டு. ஓவன் கதவில் 'உள்ளே மாவு இருக்கிறது' என்று ஒரு சீட்டு ஒட்டுங்கள். கூட இருப்பவர் பீட்சா சூடாக்க ஓவனைப் போட்டுவிட்டால் இட்லி பாத்திரத்திலேயே வெந்துவிடும்.

மிக்ஸி

ஊரிலிருந்து மிக்ஸியைச் சுமந்து வர வேண்டாம். நம் ஊரில் 230 வோல்ட், இங்கே 120. பிளக்கை மட்டும் மாற்றிப் போட்டால் பிளேடு சோம்பலாகச் சுற்றும், உளுந்து போட்டால் நின்று மோட்டார் கருகும். டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம், ஆனால் 750 வாட் மிக்ஸிக்கு 1500 வாட் டிரான்ஸ்ஃபார்மராவது வேண்டும். அது தூக்க முடியாத கனம், விலையும் அதிகம். ஸ்கார்பரோ தமிழ்க் கடைகளிலேயே 110 வோல்ட் மிக்ஸியும் கிரைண்டரும் கிடைக்கும். லேப்டாப், போன் சார்ஜரில் '100–240' என்று எழுதியிருந்தால் பிளக் அடாப்டர் மட்டும் போதும். அயர்ன் பாக்ஸில் அப்படி எழுதியிருக்காது, ஊரிலேயே விட்டுவிடுங்கள்.

இங்கே சாதாரண சுவர் பிளக் 15 ஆம்பியர், அதாவது 1800 வாட். கெட்டில் மட்டுமே 1500 வாட் இழுக்கும். அதோடு மைக்ரோவேவையும் ஒரே இணைப்பில் போட்டால் கரண்ட் போகும். வீட்டுக்காரரைக் கூப்பிடுமுன் இரண்டு இடம் பாருங்கள். சமையலறை பிளக்கின் நடுவில் 'ரீசெட்' பட்டன் இருக்கிறதா என்று பார்த்து அழுத்துங்கள். சரியாகவில்லை என்றால் அலமாரிக்குள்ளோ பேஸ்மென்டிலோ இருக்கும் இரும்புப் பெட்டியைத் திறந்து, நடுவில் நிற்கும் சுவிட்சை முழுக்க ஆஃப் பண்ணி மறுபடி ஆன் பண்ணுங்கள்.

குளிர்

கோட்டு, பூட்ஸ் பற்றி எல்லோரும் சொல்லிவிடுவார்கள். சொல்லாதவை சில. ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று வறண்டு, கதவுக் குமிழைத் தொட்டால் சுளீரென்று ஷாக் அடிக்கும். சாவியைக் கையில் பிடித்து அதன் நுனியால் முதலில் உலோகத்தைத் தொடுங்கள், வலிக்காது. ஹியூமிடிஃபையர் வைத்தால் ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும். ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்தால் அதிகம் என்று அர்த்தம், குறையுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். தேங்காய் எண்ணெய் குளிர்காலம் முழுக்கக் கட்டியாகவே இருக்கும். குறுகிய வாய்ப் பாட்டிலில் வாங்காமல் அகன்ற வாய் டப்பாவாக வாங்குங்கள், கரண்டியால் எடுக்கலாம். தெரு உப்பு பூட்ஸில் வெள்ளையாகப் பூத்தால் வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துடைத்துவிடுங்கள். நாள்கணக்கில் விட்டால் தோல் வெடிக்கும்.

வீட்டுக்குள் குளிர்ந்தால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பொறுத்திருக்க வேண்டியதில்லை. குளிர்காலத்தில் வாடகை வீட்டில் 21 டிகிரி கொடுப்பது டொராண்டோவில் வீட்டுக்காரரின் கடமை. முதலில் அவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள், நடக்காவிட்டால் 311. கூடவே இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: ஒன்டாரியோவில் முதல் மாத, கடைசி மாத வாடகையைத்தான் முன்பணமாகக் கேட்கலாம். 'சேதத்துக்கு டெபாசிட்' என்று தனியாகக் கேட்பது சட்டப்படி செல்லாது.

டிசம்பரில் மாலை நாலே முக்காலுக்கெல்லாம் இருட்டிவிடும். வேலைக்குப் போய் வருபவர்கள் வெயிலையே பார்க்காமல் வாரத்தை ஓட்டுவார்கள், மனம் சோர்வது அதனால் கூட இருக்கலாம். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் பதினைந்து நிமிடமாவது வெளியே நடந்துவிட்டு வாருங்கள்.

மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் போகும், நவம்பர் முதல் ஞாயிறு பின்னால் வரும். போனில் உள்ளது தானாக மாறிக்கொள்ளும், அடுப்பிலும் காரிலும் உள்ளதை நீங்கள்தான் மாற்ற வேண்டும். கோடையில் ஊருக்கும் இங்குக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் பத்தரை. தினமும் காலை 8 மணிக்கு அம்மாவிடம் பேசுகிறவர் என்றால் அக்டோபர் வரை அங்கே மாலை ஐந்தரைக்கு மணி அடிக்கும், நவம்பரில் ஆறரைக்கு அடிக்கும். முந்தின நாளே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் அந்த ஒரு மணி நேரத்தில் அங்கே உங்கள் சிநேகிதர்கள் எல்லோருக்கும் போன் போயிருக்கும்.